மச்சானுக்குப் போன ஓடிபி

கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் குடும்பக் கணக்கெல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று கல்யாணத்துக்கு முன்னால் கோகிலவாணியிடம் யாரோ சொன்னார்கள். சொன்னது யாரென்று அவளுக்கு நினைவில்லை. நினைவிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் போட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். அவள் புருஷன் வீரமுத்து கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

வீரமுத்து திருக்கோவிலூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கள்ளக்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் வருகிறவர். ஒரு நாளும் லேட்டாகப் போனதில்லை, லேட்டாக வருகிறவர்களை மன்னித்ததும் இல்லை. மணி அடித்த பிறகு வருகிற பிள்ளை யாராக இருந்தாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு தடவை தலைமையாசிரியரே வெளியில் நின்றார் என்று பேச்சு. அது உண்மையா பொய்யா என்று கோகிலவாணி கேட்டதில்லை, உண்மையாகத்தான் இருக்கும்.

போன வருஷம் வரைக்கும் துருகம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ரவூப்தான் இந்த வரி வேலையைச் செய்து கொடுப்பான். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இந்த வருஷம் ஆசிரியர்கள் அறையில் யாரோ, "கணக்கு வாத்தியாரு கணக்க கடக்காரன் போடறானா?" என்று சிரித்துவிட்டார்களாம். அவ்வளவுதான், மனுஷருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எங்கிருந்தோ ஒரு வரி சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டு வந்தார். தன்னுடையதை முடித்துவிட்டு மற்ற வாத்தியார்களுக்கும் தானே போட்டுத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அந்த சாஃப்ட்வேர் சும்மா இருக்குமா? வக்கீல் மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்டது. ஒவ்வொரு கேள்வியையும் அவர் அடுப்படிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிப்பார்.

"கோகிலா, நமக்கு வெளிநாட்டுல சொத்து இருக்குதா?"

"எங்கப்பன் வூட்டுக்குப் போவறதுக்கே ஒழுங்கா பஸ்ஸு இல்ல. வெளிநாட்டுக்கு எங்க போவறது?"

"நான் எதுனா கம்பெனில டைரக்டரா?"

"இந்த வூட்டுலயே இல்ல."

"ஒரு வருசத்துல ஒரு லட்சத்துக்கு மேல கரண்டு பில்லு கட்டியிருக்கமா?"

"சட்னிக்கு ரெண்டு சுத்து ஜாஸ்தி ஓட்டனாலே மிக்ஸிய புடுங்கறீங்க. இன்னா கேள்விங்க இது?"

அவருக்குச் சிரிப்பே வராது. இல்லை, இல்லை, இல்லை என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தட்டுவார். தட்டி முடித்து நிமிர்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று அது எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்தில் போய் நிற்கும். மறுபடியும் வெளிநாட்டுச் சொத்திலிருந்து ஆரம்பம். பழைய முறையா, புதிய முறையா என்று ஒரு இடத்தில் கேட்டது. அவர் இரண்டையும் பேப்பரில் போட்டுப் பார்த்தார். இவர் விடைக்கும் அதன் விடைக்கும் மூன்று ரூபாய் இடித்தது. அந்த மூன்று ரூபாயோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினார். மெஷினுக்குக் கணக்கு தெரியவில்லை என்று முடிவு கட்டி, அதைச் சொல்லிக்காட்டுவதற்காகவே ரவூப் கடைக்குப் போனார். "சார், அது பத்து பத்தா ரவுண்டு பண்ணிக்கும் சார்," என்று அவன் சொல்ல, பேசாமல் திரும்பி வந்தார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கம்மி என்று சண்டை பிடித்தது இதனால்தான் என்று கோகிலவாணிக்குப் பிறகுதான் புரிந்தது.

இப்படியாக ஒரு வழியாய் எல்லாம் முடிந்து, கடைசிப் பொத்தானை அழுத்தும்போது அது பாஸ்வேர்டு கேட்டது.

முதல் நாள் அவரே வைத்த பாஸ்வேர்டுதான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் போட்டு, எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று மார் தட்டினாரே, அதே பாஸ்வேர்டு. எழுதி வைக்கிறவன் முட்டாள் என்று சொல்லி எழுதியும் வைக்கவில்லை. இப்போது அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அடித்து அடித்துப் பார்த்ததில் கணக்கே பூட்டிக்கொண்டது. நெட் பேங்கிங் இருந்தால் அந்த வழியாக உள்ளே போகலாம் என்றது சாஃப்ட்வேர். காசு களவு போய்விடும் என்று அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. ஆதாரில் இருக்கிற போன் நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போட்டால் திறக்கும். அழுத்தினார்.

அவர் போன் கம்மென்று கிடந்தது.

"அனுப்பிட்டேன்னு சொல்லுதே. எங்க அனுப்புச்சி? கடைசி நாலு நம்பரு மட்டும் காட்டுது. நாலு நாலு ஒண்ணு எட்டு. யாரு நம்பரு இது?"

கோகிலவாணி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். தினமும் அவர் பஸ் ஏறிய பிறகு அவள் கூப்பிடுகிற நம்பர்தான் அது. வெள்ளிமலையில் ஓடுகிற ஒரு ஜீப்பின் முதுகில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிற நம்பர்.

"எங்க தம்பி நம்பருங்க."

"உன் தம்பி நம்பரு எங்கூட்டு ஆதாருல எப்பிடி வந்துச்சி?"

"அது உங்க நம்பருதாங்க. தல தீபாவளிக்கு வந்தப்ப நீங்கதான புதுப் போன் வாங்கிக்கினு, மலையில இந்த சிம்முதான் எடுக்கும், வச்சிக்கோ மச்சான்னு பழச அப்பிடியே தூக்கிக் குடுத்தீங்க? மலையில சவாரி கூப்பிடறவங்களுக்கு எல்லாம் அந்த நம்பருதான் தெரியும். அவன் எப்பிடி மாத்துவான்?"

வீரமுத்து எழுந்து போய்ச் சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

தமிழழகன் கோகிலவாணியின் கூடப் பிறந்த ஒரே தம்பி. அவனும் அவள் புருஷனும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. மூத்தவள் இலக்கியாவுக்குக் காது குத்தின அன்றோடு போன பேச்சு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். அன்றைக்கு மலையிலிருந்து சீரோடு கிளம்பின தமிழழகன் நேரத்துக்கு வந்து சேரவில்லை. முகூர்த்தம் தாண்டுகிறது என்று வீரமுத்து பந்தியில் உட்கார்ந்திருந்த கோகிலவாணியின் சித்தப்பா மகன் சுபாஷை எச்சில் கையோடு எழுப்பிக்கொண்டு வந்து, அவன் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டார். தமிழழகன் தட்டும் மாலையுமாக வந்து நின்றபோது காரியம் முடிந்திருந்தது. வந்த காலோடு திரும்பிப் போனவன்தான், அதற்குப் பிறகு அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதனால் சின்னவளுக்கு நாலு வயசாகியும் இன்னும் காது குத்தவில்லை. பெண் பிள்ளை மூளிக் காதோடு திரிகிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள், வளையல் கடைக்காரி, பால்காரர், எல்லோரும் கேட்கிறார்கள். "ஏன்மா, பாப்பாக்கு காது குத்தலியா?" ஒவ்வொரு தடவையும் என்னவோ சொல்லி மழுப்புவாள். வீட்டுக்கு வந்து அவரைக் கேட்டால், "அவன் வரட்டும்" என்பார். தம்பியைக் கேட்டால், "அவுரு கூப்பிடட்டும்" என்பான். இரண்டு பேரையும் நிற்க வைத்து முதுகில் நாலு சாத்து சாத்தலாம் போல அவளுக்கு ஆத்திரம் வரும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தன் பிள்ளை தன் தம்பி மடியில் உட்கார வேண்டும்.

"ரவூப் கடைக்குப் போயி வேற வழி எதுனா இருக்குதான்னு கேக்கலாம் இல்ல?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம. கட மூடியிருக்கும்." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "நீ கேளு. உன் தம்பிதான?"

சரி என்று அவள் தமிழழகனைக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தான். மலைப்பாதையில் ஏதாவது ஒரு வளைவில் இருப்பான். திரையில் ஒரு கடிகாரம் பத்து நிமிஷத்திலிருந்து பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அது பூஜ்யத்துக்கு வந்தது, சிவப்பு எழுத்தில் காலாவதி என்றது. முதல் ஓடிபி போயிற்று.

வீரமுத்து மறுபடியும் அழுத்த, அவள் இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அவன் எடுத்தான். வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது, பின்னால் ஒரே கூச்சல்.

"தம்பி, உன் போனுக்கு ஒரு நம்பரு வந்திருக்குதா பாரு. ஆறு எழுத்து நம்பரு."

"பேசிக்கினே மெசேஜ் பாக்க எனக்கு வராதுக்கா. கட் பண்ணிட்டுப் பாத்து சொல்றேன். யோவ், அந்த மூட்டைய மேல போடுயா!"

கட் பண்ணினவன் மூட்டையை மேலே போட்டு, கட்டி, நாலு பேரோடு வாடகைக்கு வாதாடிவிட்டுத்தான் திரும்பக் கூப்பிட்டான். நம்பரைச் சொன்னான். அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல, வீரமுத்து தட்டினார். தவறு என்றது. இரண்டு செய்தியும் சேர்ந்தாற்போல் வந்திருந்ததில், இந்தப் புண்ணியவான் முதலாவதைப் படித்திருக்கிறான். சரியானதைச் சொல்வதற்குள் அதுவும் காலாவதி.

இன்னும் ஒரு முறைதான் முயலலாம், அதன் பிறகு நாளைக்குத்தான் என்று திரையில் வந்தது. வீரமுத்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கென்றால் அபராதம். அபராதத்தைவிட, தாமதமாகத் தாக்கல் செய்யப்பட்டது என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் விழுகிற வார்த்தையை அவரால் தாங்க முடியாது. ஆசிரியர்கள் அறையில் எந்த முகத்தோடு போய் உட்காருவார்?

போனில் தமிழழகன் இன்னும் இருந்தான்.

"அக்கா, அந்த மெசேஜ்ல இன்கம் டாக்ஸுன்னு போட்டுருந்துச்சி. நீ எங்க இன்கம் சம்பாரிக்கிற?"

"ஏன், நான் சம்பாரிக்க மாட்டனா?" கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. வேளை கெட்ட வேளையில் அதற்கும் ஒரு கோபம் வந்தது.

"அவுருக்கா?"

"ம்," என்றாள்.

"அவுருக்குன்னா அவர கேக்க சொல்லு. நான் ஒண்ணும் மாட்டேன்னு சொல்லல. ஒரு வார்த்த கேக்கட்டும், குடுத்துடறேன். இன்னா, மாமா கேட்டு நான் எதுனா இல்லன்னு சொன்னனா?"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள். "கேட்டீங்களா? நீங்க ஒரு வார்த்த கேக்கணுமாம்."

"நான் அபராதம் கட்டிக்கறேன். அவன்கிட்ட கேக்க மாட்டேன்."

"கட்டுங்க. திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போயி, மணி அடிச்சதுக்கு அப்புறம்தான் வந்தேன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

அது சரியான இடத்தில் பட்டது. அவர் லேப்டாப்பைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். இந்த மனுஷர் இப்படியே இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பார் என்று கோகிலவாணிக்குத் தெரியும். எதிர்வீட்டு ரிஹானாவிடம் மருதாணி வைத்துக்கொள்ளப் போன பிள்ளைகள் வருவதற்குள் இது ஒரு முடிவுக்கு வர வேண்டும். அவள் குனிந்தாள். பத்து வருஷமாக வேறு யார் கையும் படாமல் அவர் காபந்து பண்ணின லேப்டாப்பில் விரலை வைத்து, ஓடிபி அனுப்பு என்கிற பொத்தானைத் தானே அழுத்தினாள். கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

"ஏய், இன்னா பண்ண!"

"அழுத்திட்டேன். இதுதான் கடேசி. பேசுங்க." போனை அவர் காதில் வைத்து அழுத்தினாள். அவர் பிடித்துக்கொள்ளாமல் விட்டால் கீழே விழுந்துவிடும். பிடித்துக்கொண்டார்.

போன் சத்தமாகப் பேசுகிற போன், எதிர்ப்பக்கம் ஜீப்பின் உறுமல்கூட அவளுக்குக் கேட்டது.

"ஹலோ," என்றார் வீரமுத்து. வகுப்பில் பேசுகிற குரல் அல்ல அது.

"யாருங்க?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"கோகிலா வூட்டுக்காரன்."

"அப்பிடிங்களா. எனக்கு மாமான்னு ஒருத்தரு இருந்தாரு. அவுருங்களா?"

வீரமுத்துவின் காது சிவந்தது. "இந்தாப்பா, விளையாடாத. இப்ப வந்த நம்பர சொல்லு. பத்து நிமிசம்தான் டைமு. போயிக்கினே இருக்குது."

"பத்து நிமிசமா?" ஜீப் சத்தம் நின்றது. வண்டியை அணைத்துவிட்டான் போல. "அன்னிக்கு நானும் அதுதான மாமா கேட்டேன்? வளைவுல மரவள்ளி லாரி சாஞ்சி கெடக்குது, தாண்டிட்டேன், பத்து நிமிசம் பொறுங்கன்னு கேட்டனா, இல்லியா?"

"கேட்ட. அதுக்கு முந்தியும் கேட்ட. அதுக்கும் முந்தி கெளம்பிட்டேன்ன. கெளம்பிட்டேன்னு சொன்னப்ப நீ குளிச்சிக்கினு இருந்த! தண்ணி ஊத்தற சத்தம் எனக்குக் கேட்டுச்சி!"

"குளிக்காம சீர் எடுத்துக்கினு வருவாங்களா?"

"காலைல குளிக்கணும்யா! உங்க வூட்டுல பத்து நிமிசம்னா அர நாளு!"

"என் வூட்ட பத்தி பேசாதீங்க!"

"நான் பேசாம யாரு பேசுவா? பொண்ணு எடுத்தவன் நான்தான்!"

ஐயோ, எல்லாம் கெட்டது என்று கோகிலவாணி தலையில் கை வைத்துக்கொண்டாள். கடிகாரம் பாதியைத் தாண்டிவிட்டது. நடுவில் புகுந்து நம்பரைக் கேட்கலாம் என்று கையை நீட்டினாள். வீரமுத்து அவள் கையைத் தட்டிவிட்டார். எழுந்து நின்றுவிட்டார் வேறு. நடந்துகொண்டே கத்தினார். மூன்று வருஷத்துக் கத்தல் அது. அந்தப் பக்கம் தமிழழகனும் விடவில்லை.

"என் எடத்துல யார உக்கார வெச்சீங்க? சுபாசு! சோத்துக் கையோட! அவன் யாரு மாமா? அவன் யாரு? நான் புது வேட்டி கட்டிக்கினு, தட்ட தூக்கிக்கினு வந்து நிக்கறேன். புள்ள அவன் மடில அழுவுது. என்னப் பாத்துட்டு மாமா மாமான்னு கைய நீட்டுது. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? சொல்லுங்க, எப்பிடி இருந்திருக்கும்?"

வீரமுத்து நடப்பதை நிறுத்தினார். "நீ ஒரு வார்த்த என்னக் கேட்டியா? சட்டையப் புடிச்சிக் கேக்க வேண்டிதான? தட்ட கீழ வெச்ச, திரும்பிப் போய்ட்ட. நான் பின்னாலயே ஓடியாந்தேன். செருப்பு இல்லாம ரோட்டு வரைக்கும் ஓடியாந்தேன். ஜீப்ப எடுத்துக்கினு போய்க்கினே இருக்கற நீ."

"...எனக்குத் தெரியாது மாமா."

"திரும்பிப் பாத்தாதான தெரியும்!"

கோகிலவாணிக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் காலில் முள் குத்தி இரண்டு நாள் நொண்டினது மட்டும் தெரியும். எங்கே குத்தியது என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தார். இந்த மூன்று வருஷமும் இதை வாயில் வைத்துக்கொண்டா இருந்தார் இந்த மனுஷர்? அவளுக்கு அழுகையும் வந்தது, அவரை ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது.

"சின்னதுக்கு காது குத்திட்டீங்களா மாமா?" தமிழழகனின் குரல் தணிந்திருந்தது. அவனுக்குத் தெரியாததா, அக்கா தினமும் சொல்கிறாளே. இருந்தும் கேட்டான்.

"எப்பிடிடா குத்தறது?" வீரமுத்துவின் சத்தமும் இறங்கிவிட்டது. "மடிக்கு நான் எங்கடா போவேன்?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஜீப்பில் உட்கார்ந்திருந்த யாரோ, "வண்டிய எடுப்பா, எவ்ளோ நேரம்" என்றதற்கு, "இரும்மா, எங்க மாமா பேசிக்கினு இருக்காரு," என்று அவன் அதட்டினான்.

கோகிலவாணி லேப்டாப் பக்கம் திரும்பினாள். கடிகாரம் பூஜ்யத்தில் நின்றது. சிவப்பு எழுத்துகள் வந்து உட்கார்ந்திருந்தன. காலாவதி. நாளை முயலவும். அவ்வளவுதான், இந்த வருஷம் வாத்தியார் லேட்டு.

அவள் மூடியைச் சத்தமில்லாமல் பாதி சாய்த்தாள். சிவப்பு தெரியாதபடி லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

வீரமுத்து போனைக் காதிலிருந்து கொஞ்சம் எடுத்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "கோகிலா," என்றார் மெதுவாக, "டைமு இருக்குதா?"

"நெறைய இருக்குதுங்க," என்றாள் அவள். "நீங்க பேசுங்க."